கடிகாரத்துக்கு எதற்கு மொட்டை மாடியில் ஆன்டெனா?



அந்தக் காலத்தில் ரயில்வேக்குச் சரியான நேரம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து தந்திக் கம்பி வழியாகப் போனது. இப்போது ஜி.பி.எஸ். கடிகாரங்கள் வந்துவிட்டன. 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரம் சொல்கின்றன. ஆனால் மொட்டை மாடியிலிருந்து கடிகாரம் வரைக்கும் இன்னும் கம்பிதான்!

எங்க மாமா எலக்ட்ரீசியன். போன வருஷம் பெருங்களத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் இந்தக் கடிகாரம் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் கூடப் போனேன். வருகைப் பதிவு மெஷினும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடும்.

கேபிள் வாங்க மின்சார ரயில் ஏறி ரிச்சி தெரு போனோம். கடையில் மெல்லிசான ஆர்.ஜி.58 காட்டினார்கள். வளைக்க சுலபம். மாமா வேண்டாம்னுட்டார். ஏன்னா ஜி.பி.எஸ். சிக்னல் 1575 மெகாஹெர்ட்ஸ். அது கேபிளுக்குள்ளேயே கரைந்துவிடும். எங்களுக்கு 30 மீட்டர் தேவை. அந்தத் தூரத்தில் ஆர்.ஜி.58-ல் சுமார் 24 டெசிபல் போய்விடும், அதாவது நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நம்ம வீட்டு டிஷ் ஒயரான ஆர்.ஜி.6-ல் ஏழில் ஒரு பங்காவது வந்து சேரும். ஆன்டெனா 50 ஓம், இது 75 ஓம் ஆச்சேன்னு கேட்டேன். அதனால் 4 சதவீதம்தான் திரும்பிப் போகும், பரவாயில்லையாம்.

இன்னொன்று. ஆன்டெனாவுக்குள் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் இருக்கு. அதுக்கு 5 வோல்ட் அதே கேபிளில்தான் மேலே போகுது. நடுவில் சாதாரண டிவி ஸ்பிளிட்டர் போட்டால் கரண்ட் நின்றுவிடலாம்.

தண்ணீர்த் தொட்டி மறைக்காத இடமாகப் பார்த்துக் கம்பம் நட்டோம். மேலே கனெக்டருக்கு டேப் சுற்றுவது என் வேலை. அவசரத்தில் ஒரே சுற்று சுற்றினேன்.

தீபாவளி மழையில் தண்ணி உள்ளே போயிடுச்சு. கடிகாரம் நின்றிருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். அது நிற்கவில்லை! சிக்னல் விளக்கு மட்டும் அணைந்தது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து ஓடிக்கொண்டே இருந்தது, தினமும் ஒன்றரை நொடிக்கு மேல் வேகமாக. நாற்பது நாளில் ஒரு நிமிஷம் முந்திவிட்டது. தினமும் 7.59-க்கு வரும் ஒரு லோடுமேன் அண்ணனுக்கு மூன்று முறை 'லேட்' விழுந்து, அரை நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள்.

மாமா மேனேஜரிடம் போய், "தப்பு எங்களோடது சார்"னு சொன்னார். என் பேரைச் சொல்லவே இல்லை. அந்த அண்ணனுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது.

மறுபடி நானே மாடி ஏறினேன். நனைந்த கனெக்டரை வெட்டிப் புதுசு போட்டு, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றினேன். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் 'ப' எழுத்து மாதிரி தொங்கவிட்டோம். மழைத்தண்ணி அந்த அடிப்பக்கத்திலேயே சொட்டிவிடும். அரை மணி நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு