பத்து நாளா, பதினான்கு நாளா? அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?



மண்டபம் முகாம் என்றதும் எங்களில் பலருக்கு நினைவில் வருவது, படகால் இறங்கிப் பதிவுக்காகக் காத்திருந்த நாட்கள்தான். ஆனால் அந்த இடம் முதலில் அகதிகளுக்காக அமைந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழகத் தொழிலாளரைக் கப்பலேற்றுமுன் சில நாட்கள் மறித்துவைத்து, கொலரா, பெரியம்மை போன்ற நோய்கள் உண்டா என்று பார்க்க இலங்கை அரசு நடத்திய தனிமைப்படுத்தல் முகாம் அது.

சுகமாக இருப்பவரை ஏன் மறிக்க வேண்டும்? கிருமி உடலுக்குள் புகுந்தவுடன் நோய் வெளியே தெரிவதில்லை. கொலரா தெரிய 5 நாட்கள் வரை, சார்ஸ் தெரியப் பெரும்பாலும் 10 நாட்கள் வரை, கொவிட் தெரிய 14 நாட்கள் வரை செல்லலாம். அந்த நாட்கள் கழியும்வரை காத்திருப்பதே தனிமைப்படுத்தல். நோய் வந்தவரைப் பிரித்துவைப்பது வேறு விடயம்.

2003 பெப்ரவரியில் ஹொங்கொங்கிலிருந்து ரொறன்ரோ திரும்பிய ஒரு பயணியோடு சார்ஸ் இங்கே வந்தது. கனடாவில் 44 பேர் இறந்தார்கள். நோயாளிகளோடு பழகிய ஆயிரக்கணக்கானோர் 10 நாட்கள் வீட்டிலேயே இருந்தார்கள். பியர்சன் விமான நிலையத்தில் காய்ச்சல் பார்க்கும் கருவிகளும் வைத்தார்கள். அவற்றில் ஒரு சார்ஸ் நோயாளிகூட அகப்படவில்லை.

அந்த அனுபவத்தின் பின் வந்ததே 2005ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டம். அதன்படிதான் 2020 மார்ச் 25 முதல், நாட்டுக்குள் வந்தவர்கள் 14 நாட்கள் தனித்திருக்க வேண்டியிருந்தது. 2021 பெப்ரவரி 22 முதல் ஓகஸ்ட் 9 வரை, விமானத்தில் வந்தவர்களில் பலர் பரிசோதனை முடிவு வரும்வரை சொந்தச் செலவில் ஹோட்டலிலும் தங்கினார்கள்.

முட்கம்பிக்குள் இருந்துவந்த எங்களுக்கு, 'மறித்துவைப்பு' என்ற சொல்லே நெஞ்சை நடுங்கவைக்கும். ஆனால் இது தண்டனையல்ல. நாட்கணக்கு நோயைப் பொறுத்தது. வந்தவர் யார் என்பதைப் பொறுத்ததல்ல. மறித்துவைக்கப்படுபவர் அந்த முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்கலாம். அந்த உரிமையை அவருக்குச் சொல்வதும் அதிகாரியின் கடமை.

ஆகவே, இன்னொரு தொற்றுக் காலத்தில் ஊரிலிருந்து அம்மா, அப்பா யூனியன்வில் வீட்டுக்கு வருவதானால், விமானம் ஏறுமுன்பே அவர்களுக்கு மூன்று விடயங்களைச் சொல்லிவையுங்கள்: எத்தனை நாட்கள், ஏன் அத்தனை நாட்கள், விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்பது. வீட்டில் தனி அறையும், முடிந்தால் தனிக் குளியலறையும் ஒதுக்குங்கள். சாப்பாட்டைக் கதவடியில் வைத்தாலும், தொலைபேசியில் நாளுக்கு நாலு தரம் கதையுங்கள். காரணம் தெரிந்தால் பாதிப் பயம் குறையும்.