அழுத்தம் இறங்கியது, ஆள் தேறவில்லை

தலையில் பலத்த அடிபட்டு நினைவிழந்து வருபவரின் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே செலுத்துவார்கள். கட்டிலருகே உள்ள திரையில் ஓர் எண் தெரியும். மண்டைக்குள் இருக்கும் அழுத்தம் அது. ஐ.சி.யூ. டாக்டரும் நர்ஸும் இரவெல்லாம் அதைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள். கால் வீங்கினால் தோல் கொஞ்சம் இடம் கொடுக்கும். மண்டையோடு இம்மியும் கொடுக்காது. எண் 20ஐத் தாண்டி நின்றுவிட்டால், வீங்கிய மூளைக்குள் ரத்தம் ஏறுவது கடினம். மோதலில் தப்பிய செல்களும் அடுத்த சில நாட்களில் சாகத் தொடங்கும்.

உடம்பைக் குளிர வைத்தால் இந்த இரண்டாம் சேதத்தைத் தடுக்கலாமே என்ற எண்ணம் பழையது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டெம்பிள் ஃபே என்ற மூளை அறுவை நிபுணர் 1940களிலேயே இதை முயன்றார். உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 6, 7 சதவீதம் குறைகிறது. பட்டினி கிடக்கும் வீட்டில் பசியையே குறைப்பது போல. கேட்டவுடன் யாருக்கும் நம்பிக்கை வரும்.

1997இல் பிட்ஸ்பர்க்கில் 82 பேரிடம் நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையை வளர்த்தது. குளிர்விக்கப்பட்டவர்களில் 62 சதவீதத்தினர் ஓராண்டு கழித்து நன்றாக இருந்தார்கள். மற்றவர்களில் 38 சதவீதத்தினரே. ஆனால் 2001இல் 392 பேரை வைத்துப் பார்த்தபோது எந்த வித்தியாசமும் இல்லை. 2008இல் 225 குழந்தைகளிடம் சோதித்தார்கள். குளிர்வித்த பக்கம் 21 சதவீதக் குழந்தைகள் இறந்தனர், மறுபக்கம் 14 சதவீதம்.

என்னை உலுக்கியது 2015இல் வெளியான 'யூரோதெர்ம்' ஆய்வு. அழுத்தம் 20ஐத் தாண்டிய 387 பேர். குளிரூட்டியதும் எண் இறங்கியது. மண்டையோட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது போன்ற கடைசிக்கட்ட சிகிச்சைகளின் தேவையும் குறைந்தது. திரையை மட்டும் பார்த்திருந்தால் வெற்றி என்றே சொல்லியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஓரளவுக்காவது தேறியவர்கள் குளிர்விக்கப்பட்டவர்களில் 26 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 37 சதவீதம். தீங்கு தெரிந்ததும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2018இல் வெளியான 'போலார்' ஆய்வில், அடிபட்ட சில மணி நேரத்திலேயே குளிர்விக்கத் தொடங்கினார்கள். அப்போதும் பலனில்லை: தேறியவர்கள் குளிர்விக்கப்பட்டவர்களில் 48.8 சதவீதம், மற்றவர்களில் 49.1 சதவீதம்.

குளிர் மூளைக்கு மட்டும் போவதில்லை. 33 டிகிரிக்கு இறக்கும்போது மயக்க மருந்திலும் தாடை நடுங்குகிறது, தோல் சிலிர்க்கிறது. அந்த நடுக்கமே ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதை அடக்க இன்னும் மருந்து வேண்டும். அந்த மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ரத்தம் உறைவது தாமதமாகும், நுரையீரலில் கிருமி தொற்றும், பொட்டாசியம் ஏறி இறங்கும். பழைய சூட்டுக்கு அவசரப்பட்டுக் கொண்டுவந்தால் மண்டைக்குள் அழுத்தம் மறுபடி ஏறும்.

குளிர் சிகிச்சையே வீண் என்று நான் சொல்லவில்லை. பிரசவத்தில் மூச்சுத் திணறிய சிசுக்களை வசதியுள்ள நாடுகளில் அது காப்பாற்றுகிறது. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 சிசுக்களிடம் செய்து பார்த்தபோது, குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் இறந்தனர். மற்றவர்களில் 31 சதவீதம். 2021இல் வந்த இந்த முடிவை நம் டாக்டர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தலைக்காயத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்று: காய்ச்சல் வரவிடாமல் காப்பது. அடிபட்ட மூளைக்குச் சூடு ஆகவே ஆகாது. உங்கள் வீட்டார் யாராவது அப்படிப் படுத்திருந்தால், உடம்பைக் குளிர வைக்கச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். காய்ச்சல் இருக்கிறதா, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.