சரக்கு வேனின் பின் பிரேக்: கோளாறு எங்கே?

நமது உறுப்பினர்களில் பலர் கொள்முதலுக்கு இன்னமும் பழைய மாருதி ஆம்னி வேனையே வைத்திருக்கிறார்கள். 1984-ல் சந்தைக்கு வந்த இந்த வண்டியின் தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடும் ஆம்னி எதுவும் புது வண்டி அல்ல. என்ஜின் சத்தத்தை உன்னிப்பாகக் கவனிக்கும் நாம், பின் சக்கரத்து டிரம் பிரேக்கை மட்டும் மறந்துவிடுகிறோம்.

மறப்பதற்குக் காரணமும் உண்டு. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், காலி வண்டியில் பெரும்பகுதி வேலையை முன் பிரேக்கே செய்துவிடும். பின் பிரேக் பாதி செத்திருந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. பத்துச் சிப்பம் அரிசியும் நான்கு டின் எண்ணெயும் ஏற்றி மண்டியிலிருந்து திரும்பும்போதுதான் வண்டி நிற்காமல் போகும். மெக்கானிக் காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "நன்றாகப் பிடிக்கிறது" என்றால் அதை அப்படியே நம்பவேண்டாம்.

முதலில் பெடலைக் கவனியுங்கள். முதல் மிதியில் ஆழமாக இறங்கி, உடனே மறுபடி மிதித்தால் மேலே நிற்கிறது என்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். அட்ஜஸ்ட்மென்ட் பார்த்தால் போதும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால், எங்கோ கசிகிறது. டப்பாவில் ஆயில் குறையவே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது கசிவு. பணம் அதிகம் வீணாவது இங்கேதான். பின் டயரின் உட்புறம் ஈரமாக இருந்தால் உடனே ஷூவை மாற்றிவிடுகிறார்கள். ஒரே மாதத்தில் புது ஷூவும் நனைந்து போகிறது. கசிவது எது என்று முதலில் தெரியவேண்டும். ஆம்னியில் என்ஜின் விசை பின் அச்சுக்குப் போவதால் அங்கே கியர் ஆயிலும் உண்டு, பிரேக் ஆயிலும் உண்டு. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். கரைந்து கலந்துவிட்டால் பிரேக் ஆயில். வீல் சிலிண்டரில்தான் கோளாறு. மிதந்து நின்றால் கியர் ஆயில். அச்சின் ஆயில் சீலை மாற்றவேண்டும். கியர் ஆயில் கெட்டியாக, ஒரு கந்தக நாற்றத்தோடும் இருக்கும். எண்ணெய் வியாபாரம் செய்யும் நமக்கு இந்தச் சோதனை ஒன்றும் கடினமல்ல! காரணத்தைச் சரிசெய்த பிறகே ஷூ. நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது வேண்டாம். லைனிங் குடித்த ஆயில் சூட்டில் மறுபடி வெளியே வரும். ஷூ மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மழையில் வண்டியின் பின்பகுதி சுழன்றுவிடும்.

பிரேக் பிடிப்பது ஒருபுறமிருக்க, விடாமல் இருப்பதும் நோய்தான். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பின் சக்கரங்களின் அருகில் கையை நீட்டிப் பாருங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் அங்கே ஷூ உரசுகிறது. மெக்கானிக்கிடம் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தச் சொல்லுங்கள். சக்கரம் விடுபட்டால் கேபிள் துருப்பிடித்திருக்கிறது. விடுபடவில்லையென்றால் ஏர் எடுக்கும் நிப்பிளைத் தளர்த்தச் சொல்லுங்கள். அப்போது விடுபட்டால் குழாயில் அழுத்தம் தேங்கியிருக்கிறது. இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து சுட்டால், அச்சுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். எதற்கும் விடுபடாவிட்டால் வீல் சிலிண்டர் இறுகியிருக்கிறது, அல்லது இழுக்கும் ஸ்பிரிங் போய்விட்டது.

ஹேண்ட் பிரேக் லீவர் மிக மேலே வருகிறதென்று கேபிளை மட்டும் முறுக்கிவிடும் வழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. அது தவறு. ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகுதான் கேபிளைத் தொடவேண்டும். இல்லையேல் தேய்ந்த ஷூ தேய்ந்தபடியே இருக்கும்.

இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வந்தால் காத்திருக்கவேண்டாம். லைனிங் தீர்ந்து ரிவெட் டிரம்மை அறுக்கிறது. டிரம்மைக் கடைசல் பிடிப்பதற்கும் அளவு உண்டு. அந்த எல்லை தாண்டினால் புது டிரம்தான். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது; அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். டப்பா மூடியில் குறித்திருக்கும் வகையையே ஊற்றவேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர்கள் அனைத்தும் ஊதிப்போகும். ஆயில் வேகமாகக் குறையும் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லாமல், மெக்கானிக்கைக் கடைக்கே வரவழையுங்கள். கழற்றிய ஷூ, சீல், ரப்பர் எல்லாவற்றையும் உங்கள் முன் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பில்லைத் தீர்க்கலாம்.