சைக்கிளின் ‘பிரீவீல்’ வேலை செய்யும் விதம்

சேந்தமங்கலம் வட்டாரத்துச் சங்க அங்கத்தினர்களிற் சிலர் பால் கேனையும் காய்கறி மூட்டையையும் சைக்கிளிலேயே கொண்டு வருகின்றனர். டயரையும் பிரேக்கையும் கவனிக்கும் அவர்கள், பின்சக்கரத்துப் பல்சக்கரத்தினுள் மறைந்திருக்கும் ‘பிரீவீல்’ என்னும் சிறு யந்திரத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது பழுதாகும் நாளில் ஆளும் பாலும் சேர்ந்து தரையில் விழ நேரிடும். ஆதலின் அதைப்பற்றிச் சிறிது எழுதத் துணிந்தேன்.

கரும்புத் தோகையின் ஓரத்தை ஒரு பக்கமாகத் தடவினால் விரல் வழுக்கிச் செல்லும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் அறுக்கும். பிரீவீலின் சூட்சுமமும் இதுவே. செயின் மாட்டும் வெளிவளையத்தின் உட்புறத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்த பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அதனுள் அடங்கிய உள்வளையம் சக்கரத்தின் குடத்தோடு திருகி இறுக்கப்பட்டது. உள்வளையத்தில் இரண்டு சிறு எஃகு நாக்குகள் உண்டு. மெல்லிய கம்பி ஸ்பிரிங் அவற்றை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். இரு வளையங்களுக்கும் இடையே குண்டுகள் உருள்கின்றன.

நாம் மிதிக்குங்கால் வெளிவளையத்துப் பல்லின் செங்குத்தான முகம் நாக்கின் முனையில் மோதி, உள்வளையத்தையும் சக்கரத்தையும் இழுத்துச் செல்லும். மிதிப்பதை நிறுத்தினால் வெளிவளையம் நின்றுவிடும். சக்கரமோ முன்னே ஓடும். அப்போது நாக்குகள் பற்களின் சாய்ந்த முதுகின்மேல் ஏறி இறங்குகின்றன. சரிவில் இறங்கும்போது கேட்கும் ‘டிக் டிக்’ ஓசை அதுவேயாகும்.

அடியேன் ஒருமுறை என் சைக்கிளின் பிரீவீலுக்கு விளக்கெண்ணெய் விட்டேன். எண்ணெய் புழுதியோடு கலந்து பிசினாகி, நாக்குகள் குழியிலேயே ஒட்டிக்கொண்டன. மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது பெடல் வெறுமனே சுழன்றது. முழங்கால் சிராய்ந்ததோடு தப்பினேன். பிழை என்னுடையதே. மண்ணெண்ணெயால் கழுவி, மெல்லிய மெஷின் எண்ணெய் சில துளிகள் விட்டபின் சரியாயிற்று. கெட்டியான கிரீஸும் இவ்விடத்திற்கு ஆகாது.

இவ்வமைப்பிற்கு அமெரிக்காவில் வான் ஆண்டன் என்பவர் 1869-இலேயே பேடண்ட் பெற்றார். எனினும் இது பரவலாக வழக்கத்திற்கு வந்தது 1900-ஐ ஒட்டியேயாம். அதற்குமுன் சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழலும். சரிவில் கால்களைத் தூக்கிக்கொள்வாரும் உளர். குழந்தைகளின் மூன்று சக்கர வண்டிகளிற் பல இன்றும் அவ்விதமே. முன்சக்கரத்து அச்சிலேயே பெடல் இருப்பதால், சரிவில் அது வேகமாகச் சுழன்று பிள்ளையின் காலை அடிக்கும். அவ்வண்டியைச் சமதரையில் மட்டும் ஓட்ட விடுக.

பிரீவீல் தந்த சௌகரியத்தோடு ஓர் அபாயமும் வந்தது. பெடலைக் காலால் தடுத்து வேகத்தைக் குறைக்க இயலாமற் போயிற்று. ஆகவே பிரேக் கட்டாயமாயிற்று. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஸாக்ஸ் 1903-இல் வெளியிட்ட ‘டார்பிடோ’ குடத்தில், பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிரேக் பிடிக்கும். நம்மிடமுள்ள சாதாரண சைக்கிளில் அவ்வசதி இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவோர்க்குக் கைப்பிரேக்கே கதி.

பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுழற்றிவிட்டு நிறுத்திப் பாருங்கள். சக்கரம் ஓட, பெடல் அசையாதிருக்க வேண்டும். மேற்புறச் செயின் தொய்ந்தால் உள்ளே குண்டு சிக்கியிருக்கிறது என்று அறியலாம். மிதிக்க மிதிக்கப் பிரீவீல் குடத்தில் மேன்மேலும் இறுகுவதால், சுத்தியால் தட்டிக் கழற்ற முயலலாகாது. அதற்குரிய சாவி சைக்கிள் கடைக்காரரிடம் இருக்கும். உள்ளிருக்கும் குண்டுகளை மூடியுள்ள வட்டமோ இடமரை கொண்டது. வலப்பக்கம் திருப்பினாலே கழலும்.