உண்மைச் சுதந்திரம் எது?

ஆகஸ்டு 15 வந்தால் நமக்கு இரட்டை விழா. காலையில் ஆலயத்தில் தேவ அன்னையின் விண்ணேற்பு விழாத் திருப்பலி. அது முடிந்ததும் பள்ளித் திடலில் கொடியேற்றம். 1947ஆம் ஆண்டு நம் நாடு அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட நாள் அது. மரியன்னை ஆன்மாவோடும் உடலோடும் விண்ணகத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று திருச்சபை நெடுங்காலமாகக் கொண்டாடி வருவதும் அதே நாளில்தான். அதனை 1950ஆம் ஆண்டு விசுவாசக் கோட்பாடாகவே அறிவித்தார் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர்.

இனிப்பை வாங்கிக்கொண்டு, சட்டையில் குத்திய கொடியோடு வீடு திரும்பும்போது நம்மில் பலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. நமக்கு எப்போது வரும்? அண்ணன் இரவு ஒன்பது மணிக்கு வந்தாலும் யாரும் கேட்பதில்லை. நாம் மாலை ஆறரைக்கு வந்தால் வாசலிலேயே விசாரணை நடக்கிறது. அவன் சாப்பிட்ட தட்டையும் நாமே கழுவ வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பது தவறா? தவறில்லை. ஆனால் விடை காணுமுன் சுதந்திரம் என்பது என்ன என்று சற்றே சிந்திப்போம்.

விடுதலை என்றும் சுதந்திரம் என்றும் இரண்டு சொற்களை நாம் ஒரே பொருளில் வழங்குகிறோம். விடுதலை என்பது கட்டிலிருந்து விடுபடுவது. சுதந்திரம் என்னும் வடசொல்லுக்கோ தன் வயமாயிருத்தல், தன்னைத் தானே ஆளுதல் என்று பொருள். முதலாவதைப் பிறர் நமக்குத் தரலாம். இரண்டாவதை நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

யாத்திராகமத்தில் இந்த இரண்டையும் காணலாம். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களை இறைவன் மோயீசன் வழியாக மீட்டார். கடலைக் கடந்தவுடன் விடுதலை வந்துவிட்டது. ஆனால் பாலைவனத்தில் பசி எடுத்ததும் அவர்கள் எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள் என்று எண்ணாகமம் கூறுகிறது. கையிலிருந்த விலங்கு கழன்றும் மனத்திலிருந்தது கழலவில்லை. அவர்களுக்குத்தான் இறைவன் சீனாய் மலையில் பத்துக் கட்டளைகளைக் கொடுத்தார். அடிமைகளாய் இருந்தபோது கொடுக்கவில்லை. விடுவித்த பிறகே கொடுத்தார். ஆகவே கட்டளைகள் சுதந்திரத்தைப் பறிப்பதற்கல்ல, காப்பதற்கே என்பது தெளிவாகும்.

இக்காலத்து விலங்குகளையும் நாம் அறிவோம். பெற்றோர் செல்பேசியைப் பிடுங்கி வைத்தால் நம் சுதந்திரம் போயிற்று என்கிறோம். கையில் கொடுத்தாலோ, ஐந்து நிமிடம் என்று எடுத்ததை இரண்டு மணி நேரமாகியும் கீழே வைக்க முடியவில்லை. அப்போது நம்மை ஆள்வது யார்? எதையும் செய்ய எனக்கு உரிமை உண்டு, ஆனால் எதற்கும் நான் அடிமையாக மாட்டேன் என்ற கருத்தைப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். பாவம் செய்பவன் பாவத்திற்கு அடிமை என்று ஆண்டவர் இயேசுவும் எச்சரித்திருக்கிறார்.

இறைவன் மனிதரை எப்படி நடத்துகிறார் என்பதை மங்கள வார்த்தை நிகழ்ச்சியில் காண்கிறோம். நாசரேத்து ஊரின் இளம்பெண் ஒருத்தியிடம் வானதூதர் வருகிறார். உலக மீட்பே அவளது விடையில் தங்கியிருக்கிறது. ஆயினும் இறைவன் கட்டாயப்படுத்தவில்லை. மரியாள் உடனே தலையாட்டவும் இல்லை. இது எப்படி நடக்கும் என்று கேட்கிறாள். கேள்வி கேட்டதற்காக வானதூதர் சினக்கவில்லை, விளக்கம் தருகிறார். அதன் பின்னரே அவள் சம்மதிக்கிறாள். கீழ்ப்படிதலுக்கு முன்மாதிரியாக நாம் போற்றும் அன்னை, கேட்டுத் தெளிந்து, மனமுவந்து கீழ்ப்படிந்தவள். பெண் பிள்ளை எதிர்க்கேள்வி கேட்கலாமா என்று கடிந்துகொள்ளும் பெரியவர்களும், காரணம் சொன்ன பிறகும் முரண்டு பிடிக்கும் நாமும் இதனை நினைவில் கொள்வது நல்லது.

திருச்சபையும் இதனையே போதிக்கிறது. விசுவாசத்தை எவர்மேலும் திணிக்கலாகாது, மனச்சான்றை எவரும் நெருக்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கையில் கூறியது. நம் அரசியலமைப்பின் 25ஆம் விதியும் எல்லாருக்கும் இவ்வுரிமையை அளிக்கிறது. நம் வகுப்பில் திருநீறு அணிந்தவளும் முக்காடு இட்டவளும் சிலுவை அணிந்தவளும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கிறோம். ஒருத்தியின் நம்பிக்கையை மற்றவள் ஏளனம் செய்யாதிருப்பதே நாம் கற்கும் முதல் சுதந்திரப் பாடம்.

வாழ்வின் பெரிய முடிவுகளைப் பற்றியும் திருச்சபை ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தம் வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வதில் எவரும் வற்புறுத்தப்படலாகாது என்று 219ஆம் சட்டத்தில் கூறுகிறது. அச்சுறுத்தியோ ஏமாற்றியோ ஒருவரைத் துறவற வார்த்தைப்பாடு கொடுக்கச் செய்தால் அது செல்லாது. திருமணமும் அப்படியே. ஓலை வாசித்து, பந்தல் போட்டு, ஊரே கூடியிருந்தாலும், பீடத்தின் முன் குருவானவர் முதலில் கேட்பது, கட்டாயமின்றி முழு மனத்தோடு வந்திருக்கிறீர்களா என்பதைத்தான். மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அந்தச் சம்மதத்தை அவர்களுக்குப் பதிலாக வேறு எவரும் கொடுக்க முடியாது. பெற்றோர் நல்ல வரனைத் தேடலாம், அறிவுரை கூறலாம், வேண்டிக்கொள்ளலாம். ஆனால் பெண்ணின் வாயிலிருந்து வர வேண்டிய சொல்லை அவளே சொல்ல வேண்டும். நாட்டின் சட்டமும் 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்து வைப்பதைத் தடுத்திருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும் தோழி ஒருத்திக்கு அவசரமாகத் திருமணம் பேசுகிறார்கள் என்று அறிந்தால், அதனை ஆசிரியரிடமோ அருட்சகோதரியிடமோ சொல்வது கோள் சொல்வதாகாது; அவளுக்கு நாம் செய்யும் கடமையாகும்.

இத்தகைய உரிமைகள் தாமாக வந்துவிடவில்லை. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்கான 1916ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்குக் கிடைக்கும் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. கோட்டயத்தில் பள்ளி நடத்திய திருமதி மேரி ராய் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1986ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது உறுதியாயிற்று. ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தில் பங்கு பெற்ற குடும்பங்களில், சொத்தில் மட்டும் மகளுக்குக் கால் பங்கு என்று இருந்தது எத்தனை முரண்பாடு!

இனி வீட்டிற்கு வருவோம். ஊதாரிப் பிள்ளையின் உவமையை நாம் அறிவோம். இளைய மகன் பங்கைக் கேட்டபோது தந்தை கதவைப் பூட்டவில்லை. போக விட்டார், வழி பார்த்துக் காத்திருந்தார், திரும்பியபோது ஓடிச்சென்று தழுவிக்கொண்டார். இளையவன் ஆசைக்கு அடிமையாகிப் பன்றி மேய்த்தான். மூத்தவனோ வீட்டை விட்டுப் போகவே இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் அடிமைபோல் உழைத்தேனே என்று வாசலில் நின்று குமுறினான். வீட்டை விட்டு ஓடுவது சுதந்திரமன்று. அன்பில்லாமல் வீட்டில் அடங்கியிருப்பதும் சுதந்திரமன்று என்று இந்த உவமை உணர்த்துகிறது. பெற்றோரின் கண்டிப்பு பெரும்பாலும் அச்சத்திலிருந்து பிறக்கிறது. அந்த அச்சத்திற்குக் காரணமும் உண்டு. சொன்ன நேரத்திற்கு வீடு வருவதாலும், உண்மையை மறைக்காமல் பேசுவதாலும் நாம் அதனைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். பெற்றோரும் சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடித்த கையை ஒரு நாள் எடுப்பதுபோல், நம்பிக்கையைச் சிறிது சிறிதாகத் தர வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறோம்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஒரு கேள்வியை எழுப்பினோம்: ஒரு நாள் முழுதும் உன் விருப்பம்போல் இருக்கலாம் என்றால் என்ன செய்வாய்? கடற்கரை, திரைப்படம், தோழி வீடு என்று விடைகள் மளமளவென்று வந்தன. பிறகு அதே கேள்வியை அவரவர் தாயிடம் கேட்டு வருவதென்று முடிவு செய்தோம். மறுநாள் வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு தாய், நன்றாகத் தூங்குவேன் என்றாராம். இன்னொருவர், யாரிடமும் கேட்காமல் என் அம்மா வீட்டுக்குப் போய் வருவேன் என்றாராம். வேறொருவர், அப்படியென்றால் மதியச் சாப்பாட்டை யார் செய்வது என்று திருப்பிக் கேட்டாராம். நமக்குச் சுதந்திரம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்த நாங்கள், எங்களுக்காகத் தம் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தவரை அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

சுதந்திரத்திற்கென்றே அழைக்கப்பட்டிருக்கிறீர்கள், அன்பினால் ஒருவருக்கொருவர் பணிவிடை செய்யுங்கள் என்று கலாத்தியருக்குச் சின்னப்பர் எழுதியதன் பொருள் எங்களுக்கு அன்றுதான் விளங்கியது. ஒருவருக்கொருவர் என்பதை மறந்துவிடக் கூடாது. எப்போதும் ஒருவரே செய்தால் அது பணிவிடையன்று, சுமை. இறுதி இரவுணவின்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடிகளைக் கழுவியவர், ஆண்டவரும் போதகருமான இயேசுவே. அவர் பாதம் கழுவலாமென்றால், அப்பாவும் அண்ணனும் தாம் உண்ட தட்டைக் கழுவுவதில் என்ன குறைவு? நாம் நம் சீருடையை நாமே துவைத்துக்கொள்வதில்தான் என்ன கடினம்?

ஆகவே அன்புத் தோழியரே, அடுத்த ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றம் முடிந்து வீடு திரும்பியதும் நாமே அடுக்களைக்குள் செல்வோம். அண்ணன் தம்பியரையும் அழைத்துக்கொள்வோம். அன்னையின் விழாவன்று நம் அன்னையருக்கும் சற்றே ஓய்வு கிடைக்கட்டும். அது ஒரு நாளோடு நின்றுவிடாமல், ஆண்டு முழுதும் தொடரட்டும். கேட்டுத் தெளிந்து, மனமுவந்து சம்மதம் தந்த நாசரேத்து அன்னை நம் இல்லங்களுக்கு என்றும் துணை நிற்பாராக.