தவளையின் காவற்படை

மழைக்காலத்து இரவுகளில் தவளைகள் எழுப்பும் பேரொலியைக் கேளாதவர் நம்மில் இரார். கல்லூரியில் விலங்கியல் பயின்ற நாளில் நானும் தவளையை அறுத்துப் பார்த்தேன். அதன் இதயத்தையும் குடலையும் ஏட்டில் வரைந்தேன். ஆயினும் ஒரு வினா மட்டும் அன்று என் உள்ளத்தில் எழவில்லை. சேறும் பாசியும் கிருமிகளும் மலிந்த குட்டையில், செதிலோ மயிரோ இன்றி, மெல்லிய ஈரத்தோலுடன் வாழும் இப்பிராணி நோயுற்று மடியாதிருப்பது எங்ஙனம்?

அமெரிக்க அறிஞர் மைக்கேல் சாஸ்லாஃப் இவ்வினாவை எழுப்பினார். ஆராய்ச்சிக்காக அறுத்துத் தைத்த ஆப்பிரிக்க நகத் தவளைகளைச் சாதாரணத் தொட்டி நீரிலேயே விட்டும், புண்கள் சீழ்பிடிக்காமல் ஆறின. காரணத்தைத் தேடிய அவர், 1987இல் அத்தோலிலிருந்து கிருமிகளைக் கொல்லும் சிறு புரதத் துணுக்குகளைப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு 'மகைனின்' என்று பெயரிட்டார். கேடயம் எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அமெரிக்கச் சிறுத்தைத் தவளையின் தோலிலுள்ள இத்தகைய பொருள்கள் சில, வைரஸையும் செயலிழக்கச் செய்கின்றன. தோலே கோட்டையின் முதல் மதில் எனலாம்.

மதிலைக் கடந்து பகைவன் நுழைந்துவிட்டால்? 'தவளை வைரஸ் 3' என்ற கிருமியை எடுத்துக்கொள்வோம். 1960களில் ஆலன் கிரானஃப் என்ற அறிஞரும் அவருடைய துணைவரும் சிறுத்தைத் தவளையில் இதனைக் கண்டனர். இதன் இனத்திற்கு ரானா வைரஸ் என்று பெயர். மனித உடலின் வெப்பத்தில் இது பெருகாது. ஆகவே நாம் அஞ்சவேண்டியதில்லை. தவளைக்கோ இது கொடிய பகை. 1980களிலிருந்து இங்கிலாந்துக் குளங்களில் தவளைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தமைக்கு இவ்வினமே காரணமாயிற்று.

இக்கிருமி நகத் தவளையின் உடலில் புகுந்ததும் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. தாக்குண்ட அணுக்கள் 'இன்டர்பெரான்' என்னும் பொருளைச் சுரந்து அண்டை அணுக்களை எச்சரிக்கின்றன. பின்னர், நோயுற்ற அணுக்களைத் தேடிக் கொல்லும் வெள்ளணுக்கள் பெருகுகின்றன. இந்த வெள்ளணுக்களை நீக்கிவிட்டுச் சோதித்தபோது, வளர்ந்த தவளைகளும் நோய்க்கு இரையாயின. இயல்பான தவளையோ சில வாரங்களில் நோயை வென்றுவிடுகிறது. அதே பகைவன் மறுமுறை வந்தால், எதிர்ப்பொருள்கள் விரைவில் தோன்றிப் போரை எளிதாக்குகின்றன. நம் உடலில் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே அல்லவா?

ஆனால் தலைப்பிரட்டையின் கதை வேறு. தாய்த் தவளை தாங்கிக்கொள்ளும் இந்நோயால், அதன் தலைப்பிரட்டைகளில் பெரும்பாலானவை மடிகின்றன. நோயுற்ற அணு, 'என்னுள் பகைவன் இருக்கிறான்' என்று வெள்ளணுவுக்குக் காட்டும் அடையாளப் புரதம் ஒன்று உண்டு. நகத் தவளையின் தலைப்பிரட்டையில் அது மிகக் குறைவு. இன்டர்பெரான் எழுப்பும் எச்சரிக்கையும் தாமதமாகவே வருகிறது.

வால் மறைந்து தவளையாகும் பருவத்தில் இன்னொரு விந்தை நிகழ்கிறது. வெள்ளணுக்களின் பயிற்சிக்கூடமான தைமஸ் சுரப்பி, தன் படைவீரரில் பெரும்பகுதியை இழக்கிறது. ஏன்? தவளைக்கே உரிய புதிய புரதங்கள் அப்பொழுதுதான் உடலில் தோன்றுகின்றன. பழைய படை அவற்றை அந்நியர் என மயங்கித் தாக்கக்கூடும். ஆகவே உடல் பழைய படையைக் கலைத்து, புதிய படையைப் பயிற்றுகிறது என்று அறிஞர் கருதுகின்றனர். தன் உடலைத் தானே தாக்காதிருக்க, பகைவன்முன் சிறிது காலம் தளர்ந்து நிற்கவேண்டியிருக்கிறது! உருமாற்றம் என்று நாம் ஒரே சொல்லில் கூறிவிடும் நிகழ்ச்சியில் இத்தனை இடர் அடங்கியுள்ளது.

மாணவ நண்பர்களே! நோயை வென்ற தவளையின் வெள்ளணுக்களிலும் அவ்வைரஸ் ஒளிந்திருத்தல் உண்டு. பார்வைக்கு நலமாகத் தோன்றும் அத்தவளையை வேறு குளத்தில் விட்டால், அங்குள்ள தலைப்பிரட்டைகளுக்கு அதுவே எமனாகலாம். எனவே, ஒரு குட்டையில் பிடித்த தலைப்பிரட்டையை அந்தக் குட்டையிலேயே விடுங்கள். சேறு படிந்த வலையைக் கழுவி உலர்த்திய பின்னரே அடுத்த குளத்தில் இறக்குங்கள். தன் காவற்படையைக் கலைத்துப் புதிதாக அமைத்துக்கொண்டிருக்கும் அச்சிற்றுயிருக்கு அப்பருவத்தில் நாம் செய்யத்தக்க உதவி இதுவே.