மிளகு போல ஒரு சொட்டு ஈயம்

கொல்கத்தா அலிப்பூரில் 1912இல் ரயில்வேக்காகத் தொடங்கப்பட்ட சோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது. இன்று அதன் பெயர் தேசியச் சோதனைக் கூடம். சென்னை தரமணியிலும் கிளை உண்டு. மின்பொருள்களைச் சோதிப்பவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்: பொருள் அன்றாடம் தாங்கவேண்டியதைவிடக் கூடுதல் வோல்டேஜ் கொடுத்து, எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்பார்கள். பல சமயம் பொருள் தாங்கிவிடும். கம்பியை இணைக்க ஈயம் உருக்கி வைத்த இடம் தாங்காது.

காரணம் அதன் வடிவம். தட்டையான இரு உலோகங்களுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் காற்று ஏறக்குறைய 30,000 வோல்ட் தாங்கும். ஒன்று ஊசிபோல் கூராக இருந்தால் மின்புலம் அந்த முனையில் குவிந்துவிடும்; சில ஆயிரம் வோல்ட்டிலேயே உஸ்ஸென்று சத்தம், இருட்டில் நீல ஒளி, மூக்கில் ஏறும் ஓசோன் வாடை. இதைத்தான் கொரோனா என்கிறோம். சால்டரிங் அயர்னை அரைச் சூட்டில் இழுத்தால் ஈயம் வால்விட்டு நிற்குமே, அந்த வால்தான் இங்கே எதிரி. ஆகவே கம்பியின் நுனியை ஒட்ட நறுக்கி, ஈயத்தை நன்றாக உருகவிட்டு, மிளகு போல உருண்டையாக ஆறவிட வேண்டும். ரேடியோ வேலையில் இவ்வளவு ஈயம் வைத்தால் திட்டு விழும். இங்கே அதுதான் சரி.

ஈயம் வைப்பது செராமிக் கெப்பாசிட்டரில் என்றால் சூடு உள்ளே போய் விரிசல் விடும். அதன் காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டால் சூட்டைக் குறடு வாங்கிக்கொள்ளும். ஈயம் ஒட்டுவதற்காகத் தடவியதில் மிஞ்சிய பேஸ்ட்டை ஸ்பிரிட்டால் துடைப்பது அவசியம். கொல்கத்தா மழைக்காலத்து ஈரமும் தூசியும் அந்தப் பிசுக்கில் படிந்தால் மின்சாரம் அதன்மேலேயே வழி கண்டுபிடித்துக் கரிக்கோடு போட்டுவிடும்.

இத்தனையும் பிறகு. முதலில் உயிர். பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தக்க ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் சுழி பார்த்தபிறகும் நம்பக்கூடாது: உள்ளிருக்கும் மின்காப்புப் பொருள் கொஞ்சம் பிடித்துவைத்திருந்து மெல்லத் திருப்பித் தரும். அதனால் வேலை முடியும்வரை இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தே வைப்பார்கள். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் அளவுக்கு இருக்கும். அதைத் தயவுசெய்து யாரும் பழகிப் பார்க்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் முனைகளை இணைத்த கம்பியைக் கழற்றி, எல்லோரும் தள்ளி நின்று, அறை விளக்கை அணைத்துவிட்டு வோல்டேஜை ஏற்றுவார்கள். மூட்டில் நீலம் தெரிந்தால் இறக்கி, வடித்து, மறுபடி ஈயம்.